சட்டை மாற்றும் கிருமி

ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு நிமோனியா, மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. இன்னொன்றுக்கு மூளைக்காய்ச்சல், கழுத்து விறைத்து, கண் செருகிக் கிடக்கிறது. முதல் குழந்தையின் ரத்தமும் இரண்டாவது குழந்தையின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரும் கல்ச்சருக்குப் போகின்றன. இரண்டிலும் வளர்வது ஒரே பாக்டீரியா: நிமோகாக்கஸ். இரண்டையும் அடக்க ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பென்சிலின் தேவைப்படுகிறது. ஆனால் ரிப்போர்ட் வரும்போது முதல் தாளில் ‘பென்சிலினுக்குக் கட்டுப்படும்’ என்றும், இரண்டாவது தாளில் ‘பென்சிலினை எதிர்க்கும்’ என்றும் இருக்கிறது.

அச்சுப்பிழை அல்ல. ரத்தத்தில் ஓடும் பென்சிலின் நுரையீரலுக்குள் தாராளமாகப் போய்ச் சேரும். மூளையின் வாசலில் மட்டும் கெடுபிடி அதிகம். ஊசியில் ஏற்றும் மருந்தில் சிறு பங்குதான் தண்டுவட நீரை எட்டுகிறது. அதனால் 2008இல், உலகின் பல ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு, நிமோகாக்கஸுக்கு இருந்த ஒரே கோட்டை இரண்டாகப் பிரித்தது. ஊசியில் பென்சிலின் ஏற்றும் நிமோனியாவில் 2 மைக்ரோகிராம் வரை ‘கட்டுப்படும்’. மூளைக்காய்ச்சலில் 0.06ஐத் தாண்டிவிட்டாலே ‘எதிர்க்கும்’. இரண்டுக்கும் நடுவே முப்பது மடங்குக்கு மேல் இடைவெளி.

அந்தத் திருத்தம் வந்ததும் நிமோனியா நோயாளிகளிடம் மருந்து எதிர்ப்பின் விகிதம் தாளில் சட்டென்று சரிந்தது. கிருமி ஒன்றுகூட மாறவில்லை. மருந்து எதிர்ப்பு பற்றி யார் சதவீதம் சொன்னாலும், எந்தக் கோட்டை வைத்து அளந்தீர்கள் என்று முதலில் கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

இப்படி ‘எவ்வளவு மருந்து’ என்ற கேள்வி ஏன் வருகிறது? பென்சிலின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டே வளர்கிறது. செங்கல்லோடு செங்கல்லைப் பூட்டும் கொத்தனார்களாகச் சில புரதங்கள் இருக்கின்றன. பென்சிலினின் உருவம் அந்தச் செங்கல்லின் முனையை ஒத்திருக்கும். கொத்தனார் அதைச் செங்கல் என்று நம்பிப் பிடிப்பார். பிடித்த கை பிறகு விடுபடாது. சுவர் அரைகுறையாக நிற்க, பாக்டீரியா வெடித்துச் சாகும். பல கிருமிகள் இதற்கு மாற்றாகப் பென்சிலினைத் துண்டாக்கும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. நிமோகாக்கஸ் அதைச் செய்வதில்லை. அது கொத்தனாரின் கையையே மாற்றிக்கொள்கிறது. புதிய கை போலிச் செங்கல்லை எளிதில் பிடிக்காது. ஆனால் போலிகளைக் கொட்டிக் குவித்தால் ஏமாந்து ஒன்றைப் பிடித்தேவிடும். நுரையீரலில் அப்படிக் குவிக்க முடிகிறது, மூளையில் முடிவதில்லை.

ஒரு உபரித் தகவல். நொதியை முடக்குவதற்காக அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலத்தைச் சேர்த்து விற்கும் மருந்து நம் ஊரில் வெகு பிரபலம். வேறு கிருமிகளுக்கு அது பயன்படலாம். நிமோகாக்கஸைப் பொறுத்தவரை, இல்லாத திருடனுக்குப் போட்ட பூட்டு அது. மூளைக்காய்ச்சலில் செஃப்ட்ரையாக்ஸோனோடு வான்கோமைசினையும் சேர்த்துத் தருவதற்கோ உருப்படியான காரணம் உண்டு: வான்கோமைசின் கொத்தனாரைத் தொடுவதே இல்லை, செங்கல்லையே போய்ப் பற்றிக்கொள்கிறது. கை எப்படி மாறியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இந்தக் கிருமியால் இறக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலக அளவில் சுமார் 3 லட்சம். 2000இல் அது ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. இவ்வளவு உயிரைக் குடிக்கும் கிருமியின் இருப்பிடம் நுரையீரல் என்றுதான் அதன் பெயரைக் கேட்டால் தோன்றும். உண்மையில் அது குடியிருப்பது மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே. அதுவும் நன்றாக ஓடியாடும் குழந்தைகளின் மூக்கில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பச்சிளங் குழந்தைகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. இரண்டு மாதத்திலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நிமோகாக்கஸ் இருந்தது. ஆறு மாதத்தில் பத்துக்கு ஏழு பேரிடம். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுப் போகும், அடுத்தது வரும்.

இந்தக் கிருமியின் பிழைப்பு முழுக்க இந்த மூக்கில்தான். சளியோடு தெறித்து, அடுத்த குழந்தையின் மூக்குக்குத் தாவி, அங்கே பெருகுவதுதான் அதன் வாழ்க்கை. ரத்தத்துக்குள்ளோ மூளைக்குள்ளோ போய்விடுவது நமக்கு மட்டுமல்ல, அதற்கும் விபத்து. அங்கிருந்து இன்னொரு குழந்தைக்குப் போக வழியில்லை. எனவே ஐ.சி.யூ.வில் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி, அந்தத் திறமையை ஐ.சி.யூ.வில் கற்கவில்லை. அதற்குப் பல மாதம் முன்பே, வேறு ஏதோ வீட்டில், சாதாரணச் சளிக்கோ காதுவலிக்கோ வயிற்றுப்போக்குக்கோ ஏதோ ஒரு குழந்தைக்குக் கொடுத்த சிரப், மூக்கில் சும்மா இருந்த நிமோகாக்கஸையும் நனைத்திருக்கிறது. செத்தது செத்துப்போக, தாங்கியது தங்கியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் கோர்ஸ் என்று கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் இதில் கொஞ்சம் விசேஷமானது. மாத்திரையை நிறுத்தியபிறகும் அது நாள்கணக்கில் உடம்பில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பயிற்சி கொடுக்கப் போதுமான அளவில்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒரு பழைய புதிர் அவிழ்கிறது. நிமோகாக்கஸில் நூறு வகைகளுக்கு மேல் உண்டு. ஒவ்வொரு வகையும் சர்க்கரைச் சங்கிலிகளால் நெய்த ஒரு வழுவழுப்பான சட்டையைப் போர்த்தியிருக்கும். நம் வெள்ளணுக்கள் பிடிக்கும்போது நழுவிவிடத்தான் இந்தச் சட்டை. சட்டையின் நெசவை வைத்தே வகைகளுக்கு எண் கொடுத்தார்கள்: 1, 5, 14, 19F என்று. எந்த நாட்டில் பார்த்தாலும் மருந்தை எதிர்ப்பவை பெரும்பாலும் 6B, 9V, 14, 19F, 23F என்று திரும்பத் திரும்ப அதே சில வகைகளாகவே நெடுங்காலம் இருந்தன. வகை 1, வகை 5 ஆகியவை கொடிய நோயைத் தந்தாலும் பென்சிலினுக்குச் சாதுவாகக் கட்டுப்பட்டன. சட்டைக்கும் கொத்தனாரின் கைக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றுமில்லை. முதல் கூட்டம் சின்னக் குழந்தைகளின் மூக்கில் மாதக்கணக்கில் குடியிருப்பது. 1உம் 5உம் மூக்கில் அதிகம் தங்குவதில்லை, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நீண்ட நாள் தங்குகிறவனுக்குத்தான் நிறைய சிரப்பைச் சந்திக்க நேர்கிறது.

கொத்தனாரின் கை எப்படி மாறியது என்பது இன்னும் சுவையான கதை. அதற்கு 1928ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும். சுகாதார அமைச்சகத்தின் ஆய்வகத்தில் ஃபிரெடரிக் கிரிஃபித் என்ற கூச்ச சுபாவமுள்ள மருத்துவர், நிமோகாக்கஸை எலிகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் வகையிலிருந்து வந்த, சட்டையை இழந்த உயிருள்ள கிருமி எலியை ஒன்றும் செய்யவில்லை. சட்டை போட்ட மூன்றாம் வகையைச் சூடாக்கிக் கொன்று ஏற்றினால் அதுவும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டையும் கலந்து ஏற்றியபோது எலி செத்தது. அதன் ரத்தத்தில் மூன்றாம் வகைச் சட்டை போட்ட கிருமிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. செத்தவனின் சட்டையை உயிரோடிருப்பவன் எடுத்துப் போட்டுக்கொண்டான். கூடு விட்டுக் கூடு பாயும் கதையை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே பாய்ந்தது உயிரல்ல, செய்தி. அந்தச் செய்தியின் உடல் டி.என்.ஏ. என்று 1944இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஏவரியும் மக்லியோடும் மக்கார்ட்டியும் காட்டினார்கள். மரபணு என்றால் டி.என்.ஏ. என்று மனிதகுலம் தெரிந்துகொண்டது இந்த நிமோனியாக் கிருமியின் தயவில்.

அதே 1928இல், அதே லண்டனில், அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா கரைந்திருப்பதைப் பார்த்தார். மருந்து கண்ணில் பட்ட வருஷமும் அதிலிருந்து கிருமி தப்பிக்கப்போகும் வழி கண்ணில் பட்ட வருஷமும் ஒன்றே. அப்போது யாருக்கும் அது தெரிய நியாயமில்லை. கிரிஃபித் 1941இல் லண்டன் மீது விழுந்த ஜெர்மன் குண்டில் இறந்துபோனார். ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலின் முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலில் சோதிக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான்.

கிரிஃபித்தின் எலிக்குள் நடந்ததுதான் நம் குழந்தைகளின் மூக்கிலும் நடக்கிறது. வாயிலும் தொண்டையிலும் நிமோகாக்கஸின் ஒன்றுவிட்ட சகோதரர்களாகச் சில சாதுவான பாக்டீரியாக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. நாம் விழுங்கிய ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அவற்றின்மேலும் பட்டிருக்கிறது. கொத்தனாரின் கையை முதலில் மாற்றிக்கொண்டவை அவைதாம். அவை சாகும்போது சிந்தும் டி.என்.ஏ. துண்டுகளை நிமோகாக்கஸ் பொறுக்கிக்கொள்கிறது. எதிர்ப்பு பெற்ற நிமோகாக்கஸின் மரபணுவைப் படித்தால், ஒட்டுத்துணி வைத்துத் தைத்த மாதிரி, நடுநடுவே இந்த அயலாரின் வரிகள் தெரியும். அக்கம்பக்கத்தில் இருக்கும் தன் இனத்தையே கொன்று டி.என்.ஏ.வைப் பறிக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, சிலவகை ஆன்டிபயாடிக்குகள் பட்டால் நிமோகாக்கஸின் இந்தப் பொறுக்கும் இயந்திரம் முடுக்கிவிடப்படுகிறது என்று 2006இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடித்து விரட்டப் போன கம்பே அதற்கு ஊன்றுகோலாகிறது.

பென்சிலினுக்குச் சற்றே விறைத்துக்கொண்ட நிமோகாக்கஸ் நோயாளியிடம் தென்பட்டதாக 1967இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த செய்திதான் எழுப்பியது. பென்சிலினையும் குளோராம்ஃபெனிகாலையும் சேர்த்தே எதிர்த்த கிருமி ஐந்து குழந்தைகளிடம் கிடைத்தது. மூளைக்காய்ச்சல் வந்த மூன்று குழந்தைகளும் இறந்துபோயின. மறு ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அடுத்த அறிக்கை. அங்கே கிடைத்த ஒரு 19A, எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் என்று கையிருப்பில் இருந்த அநேகமாக எல்லாவற்றையும் எதிர்த்தது. வார்டுகளில் இருந்த மற்ற குழந்தைகளின் மூக்கைச் சோதித்தபோது, நோயில்லாமலே அதைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் ஏராளம்.

பிறகு ஐஸ்லாந்து. மருந்து எதிர்ப்பு எப்படி ஊர் ஊராகப் போகிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான சாட்சி வேறெங்கும் கிடைக்கவில்லை என்பேன். அன்று மொத்தமே இரண்டரை லட்சம் பேர் இருந்த தீவு. 1988 டிசம்பரில் அங்கே முதல் பென்சிலின் எதிர்ப்பு நிமோகாக்கஸ் கண்டெடுக்கப்பட்டது. 1989இல் நோயாளிகளிடம் கிடைத்தவற்றில் அது 2.3 சதவீதம். 1992இல் 17 சதவீதம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே 6B. மரபுக்கூறுகளை ஒப்பிட்டபோது, அது ஸ்பெயினில் ஏற்கனவே உலவிக்கொண்டிருந்த ஒரு வம்சத்தின் அச்சு அசல் என்று தெரிந்தது. நடுங்கும் குளிர்நாட்டுக்காரர்கள் விடுமுறைக்கு ஸ்பெயினின் கடற்கரைக்குப் போவது வழக்கம். ஏதோ ஒரு குழந்தை மணல் விளையாடிவிட்டு மூக்கில் அதைச் சுமந்து திரும்பியிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம். ஊருக்கு வந்தபின் அதற்கு இரண்டு வசதிகள் காத்திருந்தன. ஒன்று, வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தைகளைப் பகல்நேரக் காப்பகத்தில் விடும் வழக்கம். இன்னொன்று, காதுவலிக்கெல்லாம் தாராளமாக எழுதப்பட்ட ஆன்டிபயாடிக். முதலாவது பரப்பியது, இரண்டாவது போட்டியாளர்களை ஒழித்துக் கொடுத்தது.

மருத்துவர்களும் பத்திரிகைகளும் சேர்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஆன்டிபயாடிக்குக்குத் தரப்பட்ட அரசு மானியம் நின்றது. குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பது குறைந்தது. 1993இல் ஐந்தில் ஒன்று என்ற உச்சத்தைத் தொட்ட எதிர்ப்பு மெல்லச் சரிந்தது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் வெற்றிக்கதை இது. முழுப் பெருமையையும் பிரச்சாரத்துக்கே எழுதிவைக்க எனக்குத் தயக்கம்தான். ஒரு வகை ஊர் முழுக்கச் சுற்றி முடித்தபின் குழந்தைகளின் உடலே அதை அடையாளம் கண்டு விரட்டத் தொடங்கியிருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து அதே தீவுக்குள் வேறொரு வம்சத்து 19F வந்து இடம்பிடித்தது என்பதையும் வெற்றிக்கதை சொல்கிறவர்கள் சேர்த்துச் சொல்வது நல்லது.

‘கோர்ஸை முடிக்காமல் விடாதே’ என்ற அறிவுரையும் இந்தக் கிருமியிடம் அவ்வளவு நேராக ஓடுவதில்லை. டொமினிகன் குடியரசின் தலைநகரில் சளி, இருமலோடு வந்த குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு அமாக்ஸிசிலினை வழக்கமான அளவில் 10 நாளும், மற்றொரு பிரிவுக்கு இரண்டு மடங்குக்கு மேற்பட்ட அளவில் 5 நாள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதம் ஒன்று கழிந்து மூக்கைச் சோதித்தபோது, முதல் பிரிவில் 32 சதவீதம் பேரிடம் எதிர்ப்புக் கிருமி இருந்தது, இரண்டாவதில் 24. போலிச் செங்கல்லைக் குறுகிய காலத்தில் கொட்டிக் குவித்ததன் பலன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் அளவை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. அது மருத்துவர் தீர்மானிக்கும் விஷயம்.

மூக்குக்குள்ளேயே போய் அடிக்கும் ஆயுதம் 2000இல் அமெரிக்காவில் வந்தது. சட்டையின் சர்க்கரையை மட்டும் ஊசியில் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் எதிர்ப்பாற்றல் அதைக் கண்டுகொள்ளாது. அதே சர்க்கரையை ஒரு புரதத்தில் கோத்துக் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். இப்படிக் கோத்த ஏழு சட்டைகளின் தடுப்பூசி அது: மருந்தை அதிகம் எதிர்த்த அந்த ஐந்து வகைகளும், கூட 4உம் 18Cயும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் பென்சிலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத கிருமியால் வரும் கடும் நோய் 1999க்கும் 2004க்கும் இடையில் 81 சதவீதம் குறைந்தது. ஊசி போடாத தாத்தா பாட்டிகளுக்கும் நோய் குறைந்தது. பேரக்குழந்தையின் மூக்கில் இருந்தால்தானே அவர்களுக்கு வரும்!

காலியான மூக்கு காலியாகவே இருக்கவில்லை. பட்டியலில் இல்லாத 19A ஏறியது. அதில் ஒரு பகுதி, ஏற்கனவே ஓரமாக இருந்து இடம் கிடைத்ததும் பெருகியது. இன்னொரு பகுதி கிரிஃபித்தின் எலியை நினைவூட்டுவது: தடுப்பூசியில் இருந்த 4ஆம் வகைச் சட்டை போட்ட ஒரு வம்சம், அதைக் கழற்றிவிட்டு 19Aயின் சட்டையை மாட்டிக்கொண்டு தப்பித்தது. பாம்பு சட்டை உரிப்பதுபோல, உள்ளே அதே உடம்பு. கூடவே ஒரு லாபம். சட்டை நெய்யும் மரபணுக்களுக்கு இரு புறமும் அக்கம்பக்கமாக இருப்பவை, பென்சிலின் பிடிக்கும் கொத்தனார்களில் இருவருடைய மரபணுக்கள். சட்டையைப் பிய்த்து எடுத்தபோது, ஒரே துண்டில் மாறிய கைகளும் சேர்ந்து வந்துவிட்டன. தடுப்பூசியிலிருந்தும் மருந்திலிருந்தும் தப்புவதற்கு ஒரே பாய்ச்சல். 2010இல் 19Aயையும் சேர்த்து 13 வகைத் தடுப்பூசி வந்தது, 19A இறங்கியது.

இந்தியாவில் இந்த வகைகளையும் அவற்றின் மருந்து எதிர்ப்பையும் கணக்கெடுக்கத் தொடங்கியவை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஒருங்கிணைப்பில் இயங்கிய ஆறு மருத்துவமனைகள். 1993 முதல் 1997 வரை நோயாளிகளின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் எடுத்த கிருமிகளில் 1உம் 5உம் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பென்சிலினுக்கு முரண்டு பிடித்தவை நூற்றுக்கு ஒன்றிரண்டு. கோ-ட்ரைமாக்ஸசோலை எதிர்த்தவையோ பாதிக்கு மேல். குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அன்று தரப்பட்ட மாத்திரை அதுதான். இருபது ஆண்டு கழித்து வேலூரிலிருந்தே வந்த அறிக்கையில், மூளைக்காய்ச்சல் கிருமிகளில் பென்சிலினை எதிர்த்தவை நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தன. தொடக்கத்தில் பார்த்த கோடு மாற்றத்தையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ஏற்றம் ஏற்றம்தான். நல்ல செய்தி, நிமோனியாவுக்கு அமாக்ஸிசிலினும் பென்சிலினும் இன்னும் கைகொடுக்கின்றன.

தடுப்பூசி 2017இல் இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசம், பீகாரின் சில மாவட்டங்களிலும் தொடங்கி 2021இல் நாடு முழுக்க விரிந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை, இலவசம். புனேயின் சீரம் நிறுவனம் குறைந்த விலையில் தயாரிக்கும் ஊசியில் 10 சட்டைகள். நம் பக்கத்துக்கு வேண்டிய 1உம் 5உம் உண்டு, 19Aயும் உண்டு.

பிரான்சில் 13 வகைத் தடுப்பூசிக்குப் பின் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் மேலேறிவந்தது 24F. பென்சிலினுக்கு முழுதாகக் கட்டுப்படாதது. அந்த 13இலும் இல்லை, புனேயின் 10இலும் இல்லை. அதைச் சுமக்கும் வம்சத்தின் மரபணுக்களைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து படித்து 2022இல் வெளியிட்டார்கள். அந்த ஒரே வம்சத்திடம் அவர்கள் எண்ணிய சட்டைகள் 17. அந்த 13 வகைத் தடுப்பூசிக்குத் தெரிந்தவை அவற்றில் 6.